பாலம் திறந்த நேரம்

மனிதன் கண்டுபிடித்தவற்றில் சக்கரம் இரண்டாவது. முதலாவது, சொந்தக்காரர்கள் போனில் கூப்பிட்டால் நம் முகத்தோடும் குரலோடும் பதில் சொல்லும் ஏஐ நகல். இது அப்பாவின் கருத்து. அதை நம்பித்தான் ஒருவரிடமும் மூச்சு விடாமல் லண்டனில் வந்து இறங்கினோம்.

"சொல்லிட்டுக் கிளம்பினா ஆளுக்கொரு செண்டு பாட்டில் கேப்பாங்க. கண்ணு வேற படும்" என்றார்.

முதல் நாளே அம்மா, சித்தியிடம் மட்டுமாவது சொல்லட்டுமா என்று கெஞ்சினாள்.

"ஒரு நாள் பொறுக்க முடியலயா? ஊர் பாக்க வந்தியா, பெரும பேச வந்தியா?"

தேம்ஸ் கரையில் நிற்கும்போது பெரியப்பா கூப்பிட்டார். பாம்பன் பாலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் நகல் பேசியது. ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு மதுரை வீட்டில் படுத்திருப்பதாகச் சொன்னது. அப்பா ஒட்டுக்கேட்டுச் சிரித்தார்.

அப்போது ஒரு கப்பலுக்கு வழிவிட, எதிரே இருந்த பெரிய பாலம் நடுவில் பிளந்து மெல்ல மேலே எழும்பியது.

அப்பா பாலத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று ஐஸ்க்ரீம் வண்டிக்குப் பின்னால் போனார். அங்கிருந்து குரல் கேட்டது.

"அண்ணே, இவ்வளவு நேரம் பேசினது நகல். இது நான்தான். லண்டன்ல இருக்கேன். திட்றத அப்புறம் திட்டுங்கண்ணே, முதல்ல இந்தப் பாலத்தப் பாருங்க!"

போனை உயர்த்திப் பிடித்த கை மட்டும் வண்டிக்கு மேலே தெரிந்தது.