தலையாட்டிய ஹெலிகாப்டர்

கூடப்பிறந்த தம்பி போய் மூன்று மாதம். அழுது அழுது அவளுக்குக் கண் வற்றிவிட்டது. புருஷன் கண்ணில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

முன்பக்கம் அவருடைய ரிமோட் ஹெலிகாப்டர் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். மாமனும் மச்சானும் சேர்ந்து பார்த்த கடை. சேர்ந்து சண்டை போட்ட கடை என்றால் இன்னும் சரி.

சண்டையெல்லாம் இறக்கைக்குக் கீழே இருக்கும் ஒரு வட்டத் தட்டைப் பற்றி. அது சாயும் பக்கம் ஹெலிகாப்டர் போகும். சாய்க்க மூன்று குட்டி மோட்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. ஆளுக்கொரு வேலையென்று பிரித்துவிடு, எது பழுதென்று உடனே தெரியும் என்பார் அவர். மூன்றும் சேர்ந்தே அசையட்டும், பாரம் பங்காகும் என்பான் தம்பி. சாப்பிடும்போதும் இதே பேச்சு. அவளுக்கே மனப்பாடமாகிவிட்டது.

சண்டை முற்றிய ஒரு நாள், தம்பி தன் மஞ்சள் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் பைக்கில் கிளம்பினான். திரும்பி வந்தது ஹெலிகாப்டர் மட்டும்தான். இதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி, அவர்தான் அதை அவள் அறை மேஜையில் வைத்தார்.

அவள் அதோடு பேச ஆரம்பித்தாள். எதுவும் தொண்டையில் இறங்காத ஒரு மதியம், "பசியே இல்லடா. சாப்பிடத்தான் வேணுமா?" என்றாள்.

வட்டத் தட்டு முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. இறக்கைகூட அசையவில்லை. தட்டு மட்டும், தலையாட்டுவதுபோல, இன்னொரு முறை சாய்ந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆறிப்போன சாப்பாட்டை அள்ளி விழுங்கினாள்.

அதன்பின் தினமும் இதே கதைதான். கொஞ்சம் தூங்கட்டுமா என்பாள். தட்டு முன்னால் சாயும். ரொம்ப வலித்ததா என்பாள். இல்லை என்று பக்கவாட்டில் ஆடும். புருஷனிடம் மூச்சுவிடவில்லை. அழத் தெரியாத மனுஷனிடம் எதைச் சொல்ல?

ஒரு நாள் பயம் கொஞ்சம் தெளிந்து, குனிந்து பக்கத்தில் முகத்தை வைத்துக் கேட்டாள்.

"நான் பேசுறது உனக்குக் கேக்குதாடா?"

தட்டு முன்னால் சாய்ந்தது. ஒரு கம்பி மட்டும் ஏறி இறங்கியது. மற்ற இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

தம்பியுடையதில் மூன்றும் சேர்ந்தல்லவா அசைய வேண்டும்?

மஞ்சள் கூட்டை மெல்லக் கழற்றினாள். கூடு தம்பியுடையதுதான். உள்பக்கமெல்லாம் விரிசல், ஒவ்வொன்றையும் பொறுமையாக ஒட்டியிருந்தது. அதற்குள் இருந்தது, இருபது வருஷமாக யாரையும் தொடவிடாத அவள் புருஷனின் சொந்த ஹெலிகாப்டர். தம்பியுடையதில் இந்தக் கூடு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

அவள் சத்தம் வராமல் கூட்டைத் திரும்ப மாட்டினாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குப் போட்ட சண்டைக்கு, மாமா மேல உனக்குக் கோவமாடா?"

தட்டு அசையவில்லை. வெகுநேரம் அசையவே இல்லை.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"கோவமே இல்லைன்னு சொல்லிட்டியா? அது போதும்டா. மாமாகிட்ட சொல்லிடுறேன்."