டேப்புக்கு அடியில்

கீறல் இருந்தது காரின் இடப்பக்கக் கதவிலா, வலப்பக்கக் கதவிலா என்பது சரியாக நினைவில்லை. அது ஆழமானது என்பது மட்டும் உறுதி.

“இந்தக் கதவைப் பார்த்தாலே மானம் போகுதுப்பா” என்று மகள்தான் பாலிஷ் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். “ஒரே இடத்துல சுத்துற மெஷின் பெயிண்டைச் சுட்டுடும். இது ஆடி ஆடிச் சுத்தும். புதுசா பழகுறவங்களுக்கு நல்லது.”

“உங்கப்பா மாதிரியேதான்” என்றாள் அம்மா.

அப்பா ஒரு பழைய பானெட்டில் பழகினார். மெஷினை அழுத்தாமல், அதன் எடையிலேயே நகர்த்தக் கற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் கண்ணாடியாய் மின்னியது. அந்தக் கீறலின் மேல் மட்டும் டேப் ஒட்டியிருந்தது.

“கடைசியில பயந்துட்டீங்களாக்கும்?” என்று அம்மா சிரித்தாள்.

“மெஷின் தெரியாம அதுமேல பட்டுடக் கூடாதுன்னுதான் ஒட்டினேன்.”

அப்பா டேப்பை உரித்தார். ‘அபபா’ என்று கோணலாக இருந்தது. எழுதப் பழகிய வயதில் மகள் கல்லால் கீறியது.

மகள் குனிந்து அந்த எழுத்துகளைப் படித்தாள். பிறகு கார் சாவியின் முனையால், நடு எழுத்தின் தலையில் விட்டுப்போன புள்ளியை வைத்தாள்.

“அடியே, பாலிஷ் போட்ட வண்டிடி!” என்று அம்மா கத்தினாள்.

“விடு. இப்பதான் நான் முழுசா அப்பா ஆனேன்” என்றார் அப்பா.

பின்னாளில் வேறு கதவு மாட்டித்தான் காரை விற்றார்கள். மகள் தமிழாசிரியை ஆனாள். பழைய கதவு கூடத்தில் இருக்கிறது. அம்மாதான் அதைத் துடைக்கிறாள்.