பேங்க்கர் வீட்டு மௌனம்

"நான் உக்காந்திருக்கிற எடத்துல அந்தக் கல்யாணம் நடக்காதுடா!"

உஷாராணி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கிள்ளான் ஊரில் ஜன்னல்கள் அப்படித்தான்.

"தாமரைகிட்ட என்னம்மா குறை?" என்றான் மகன் விமலன்.

"கழுத்துல ஒரு செயின் இருக்கா? அவ தாத்தா, பேங்க்கர் பழனியப்பன், ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தாரே, பேத்திக்கு என்னத்த வெச்சாரு?"

"அவரு கட்டுன சென்டர்லதான் அப்பாவுக்கு ஓசியில டயாலிசிஸ் நடக்குது."

அப்பா விஜயன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அதுக்கு நன்றி சொல்லலாம். பொண்ணு எடுக்கணுமா?"

"ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல கூட்டம். வந்து பாரு லா. அப்புறம் பேசு."

உஷாராணியின் கோபத்தைவிட ஆர்வம் பெரியது. பேங்க்கர் சாவதற்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீடு வாங்கிப் போட்டாராம். யாருக்கு எழுதினார் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அது தெரிந்துவிடும் என்று பட்டுப்புடவை கட்டிக் கணவரோடு கிளம்பிவிட்டாள்.

பழனியப்பன் லண்டனுக்குப் படிக்கப் போய் குவேக்கராகத் திரும்பியவர். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது; வட்டமாக உட்கார்ந்து மௌனமாகவே கும்பிடும் கிறிஸ்தவர்கள் அவர்கள். சென்டர் போர்டில் தன் பெயரைக்கூடப் போட விடாத மனுஷர். இருந்தும் அவரை மறக்காமல் கூடம் நிறைய ஜனம் வந்திருந்தது.

"தாத்தாவுக்குத்தானே கூட்டம்?" என்று தாமரையைக் கிண்டினாள் உஷாராணி.

"தாத்தாவ நெனைக்கிறதும் இருக்கு ஆன்டி. மனசுல பட்டா யாரு வேணும்னாலும் எழுந்து பேசலாம். மத்தவங்க அமைதியா கேக்கணும்."

மௌனம் தொடங்கியது. முடியவே இல்லை. விஜயன் ஒருமுறை இருமியதுதான் பெரிய நிகழ்ச்சி. உஷாராணிக்கு நாக்கு அரித்தது.

கடைசியில் தாமரை எழுந்தாள். கூடவே விமலனும்.

'அப்போ கடைவீடு பேத்திக்குத்தான்! அதான் பய ஒட்டிக்கிட்டு நிக்கிறான்!' ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாதென்று உஷாராணி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

"நண்பர்களே, உங்க எல்லார் முன்னாலயும் தாமரைய என் மனைவியா ஏத்துக்கிறேன்" என்றான் விமலன்.

"விமலன என் கணவரா ஏத்துக்கிறேன்" என்றாள் தாமரை.

மறுபடி மௌனம். பிறகு எல்லோரும் எழுந்து உஷாராணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

குவேக்கர் கல்யாணத்துக்கு அவ்வளவுதான் சடங்கு. ஜோடி பண்டமாரானுக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டது. அந்தக் கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, ஆயுசிலேயே முதல் தடவையாக வாயைத் திறக்காமல் இருந்தவள் மாப்பிள்ளையின் அம்மாதான்.