ஒரு அம்பு குறைச்சல்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தமா சொல்ற சங்கதி இல்ல.

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி. தையல் மெஷின்ல யாரு எத்தனை ஜோடி நல்லா தைச்சாங்க, யாரு எத்தனை டேமேஜ் பண்ணாங்கன்னு தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் திரையில ஓடும். ஓடிட்டு மறைஞ்சிடும்.

"திரைக்கு வர்றதை ஃபைலுக்குத் திருப்பி விடும்மா. நல்லதுக்கு ஒரு ஃபைல், டேமேஜுக்கு ஒரு ஃபைல். மாசக் கடைசியில பார்க்கிறேன். யாரு பேர்ல டேமேஜ் ஜாஸ்தியோ, அவங்க வீட்டுக்குப் போகட்டும்."

மேனேஜர் கோதண்டபாணி, கம்ப்யூட்டர் பார்க்கிற இரம்ங்கிற பொண்ணுகிட்ட சொன்னது இது.

வாய்க்கால் தண்ணியைத் திருப்புற மாதிரிதான். கம்ப்யூட்டருக்குக் குடுக்கிற கட்டளையோட கடைசியில ஒரு அம்புக்குறி போட்டா, திரைக்குப் போறது ஃபைலுக்குப் போகும். ஆனா பழசை அழிச்சிட்டுத்தான் புதுசு ஏறும். ரெண்டு அம்பு போட்டா பழசு அப்படியே இருக்கும். அதுக்குக் கீழ புதுசு சேரும்.

முத்துமாரி அந்த மாசம்தான் பசை தடவுற வேலையிலேருந்து மெஷினுக்கு மாறினவ. முதல் வாரம் தொட்டதெல்லாம் கோணல்.

"திரும்பப் பசைக்கும் எடுக்க மாட்டாங்க இரம். அங்க வேற ஆள் போட்டாச்சு. வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

"கை பழகணும்ல அக்கா. இன்னிக்குத் தைக்கிறதை மட்டும் பாருங்க."

மாசக் கடைசி வந்தது. மேனேஜர் டேமேஜ் ஃபைலைத் திறந்தார். ஒரே ஒரு நாள் கணக்குதான் இருந்தது, அன்னிக்கோடது. அதுல முத்துமாரி பேரே இல்ல.

"இன்னாம்மா இது? மத்த நாளெல்லாம் எங்க?"

"அழிஞ்சு போச்சு சார். ஒரு அம்புதான் போட்டிருக்கேன்."

"காலேஜுக்குப் போய் இன்னாதான் படிச்ச? ஒரு அம்பு சேர்த்துப் போடத் தெரியல?"

ஷூவைச் சரிபார்க்கிற அம்பிகா அங்கதான் நின்னுட்டிருந்தா. "படிச்ச பொண்ணுன்னு கூட்டியாந்தாங்க சார். நமக்குத்தான் பேஜார்"னு சிரிச்சா.

இரம் தலையைக் குனிஞ்சிட்டு நின்னா.

"நல்ல ஜோடிக் கணக்காவது இருக்கா, அதையும் தொலைச்சிட்டியா?"

"இருக்கு சார்."

திறந்தார். ஒண்ணாந்தேதியிலேருந்து ஒரு நாள் விடாம இருந்தது. முத்துமாரி பேரு அடியில தொடங்கி, ஏறி ஏறி மூணாவது இடத்துக்கு வந்திருந்தது.

மேனேஜர் கண்ணாடியைக் கழட்டிட்டு மெதுவா கேட்டார்.

"இதுக்கு மட்டும் ரெண்டு அம்பு போடத் தெரிஞ்சுதா?"

இரம் நல்ல ஜோடிக் கணக்கை மட்டும் பிரிண்ட் எடுத்து, அவர் மேசையில வச்சிட்டுப் போனா.