யார் வழிச் சர்க்கரை?

“அடிச்சுச் சொல்றேன், இது உங்க வீட்டுச் சர்க்கரைதான்!” ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி பொரிந்தாள்.

“ஆமா, எங்க வீட்டுதுதான்” என்றார் பஸ் ஓட்டுநரான கணவர்.

பன்னிரண்டு வயது மகளுக்கு மூன்று வருடமாக இன்சுலின் ஊசி. நோய் எந்த வழியில் வந்தது என்று அறிய, மூவரின் ரத்தமும் மரபணுச் சோதனைக்குப் போயிருந்தது.

“என் அப்பாவுக்கும்தான் சர்க்கரை இருந்துச்சு. நீங்க பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?”

“எதுக்கு? எங்க அப்பா, அத்தை எல்லாருக்கும் இருக்கே!”

தன் மேல் பழி வரக்கூடாது என்றுதான் அவர் தாங்கிக்கொள்கிறார் என அவள் மனம் இளகியது.

டாக்டர் உள்ளே அழைத்தார். “அப்பா வழிதான்.”

கணவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார்.

“விடுங்க, நீங்க வேணும்னா கொடுத்தீங்க? நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்” என்று அவர் தோளைப் பிடித்தாள்.

“சந்தோஷத்துல அழறாரும்மா” என்றார் டாக்டர். “உங்க அப்பா வழியா வந்திருந்தா, அவரை மாதிரியே பொண்ணுக்கும் கிட்னி கெட்டுப் போயிருக்கலாம். அப்படியும் இருக்கலாம்னு போன வாரமே இவர்கிட்ட சொன்னேன். இவர் வழிச் சர்க்கரை ஓரளவுக்கு மேல ஏறாது, கிட்னிக்கும் பயமில்ல. இனிமே ஊசியே வேண்டாம்.”

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். “ஒரு வாரமா ஏன் என்கிட்ட சொல்லல?”

“உங்கப்பா பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவ நீ. உன்கிட்ட எப்படிம்மா சொல்லுவேன்?”