ஆறு எண்கள்

"ஏட்டி ஜெபா, நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லு. அதைப் போட்டாத்தான் ஆபீஸ்ல இருந்து உள்ள நுழைய முடியும்" என்றது மிக்கேல்ராஜின் குரல்.

"வந்திருக்கு. ஆனா போன்ல சொல்ல மாட்டேன்" என்றாள் தாராவி வீட்டிலிருந்த ஜெபசெல்வி.

"இப்பவே ஃபைல் எடுக்கலன்னா என் வேலை போயிரும்ட்டி. கட்டுன புருசன் கேக்கேன், சொல்ல மாட்டியோ?"

"செம்பூர் என்ன சீமையிலயா இருக்கு? பஸ்ஸப் புடிச்சு வந்து நீங்களே பாத்துக்கிடுங்க." போனை வைத்துவிட்டாள்.

செம்பூர் அலுவலகத்தில், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மிக்கேல்ராஜ் அப்போதுதான் மூச்சு விட்டான். பேசியது அவனல்ல. அதிகாரி ஜெயகணேஷ் தட்டச்சு செய்ததை, அவன் குரலில் பேசியது அவருடைய லேப்டாப். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கான பாதுகாப்புச் சோதனை அது. அவனுக்கு முன், அதே அறையில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரின் வீடுகளில் எண்ணைச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது பேருக்கும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதி பறிபோயிருந்தது.

ஜெயகணேஷ் ஸ்பீக்கரைப் போட்டு, தன் சொந்தக் குரலில் அழைத்து விஷயத்தைச் சொன்னார். "பேசினது உங்க வீட்டுக்காரர் இல்லைன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"எங்க சார் கண்டுபிடிச்சேன்? அவருன்னு நெனச்சுத்தான் சொல்லல. ஆபீஸோட ரகசிய நம்பராச்சே, அவரே கேட்டாலும் போன்ல சொல்லலாமா?"

ஒன்பது பேரும் திரும்பிப் பார்க்க, மிக்கேல்ராஜ் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.