ஆட்டம் கண்ட பல்

"சிகரெட்டா? சேச்சே! அந்த நாத்தமே நமக்கு ஆகாது டாக்டர்!"

சிதம்பரம் தெற்கு வீதியில் அந்தப் பல் கிளினிக். நாற்காலியில் சாய்ந்தபடி தாண்டவராயன் சூடம் அணைக்காத குறையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவி அமிர்தம் சும்மா விடுவாளா?

"ஆமாம்மா, தெனமும் மொட்டைமாடிக்குக் காத்து வாங்கத்தான் போறாரு. அந்தக் காத்துல புகை கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

முகத்தில் மாஸ்க் அணிந்திருந்த டாக்டர் வித்யா எக்ஸ்ரேயைக் காட்டினாள். "முன்பல்லுக்குப் பதிலா இம்ப்ளான்ட் வச்சிருக்கீங்கல்ல, அந்த ஸ்குரூவைச் சுத்தி எலும்பு பாதி கரைஞ்சுபோச்சு. ஈறைத் திறந்து, அழுக்கைச் சுரண்டி, எலும்புத் தூள் வச்சுத் தைக்கணும். இல்லன்னா பல்லு கையோட வந்துடும்."

தாண்டவராயன் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் கடலூரில் அவருக்குப் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் பல் மேடையில் விழுந்தால் மானம் கப்பலேறிவிடும். உள்ளூரில் வைத்தியம் பார்த்தால் விஷயம் வெளியே தெரியுமே என்றுதான் ஐயா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தார்.

"என்ன தொழில் பண்றீங்க சார்?"

"பண்ருட்டியில முந்திரி மண்டி" என்றார், அமிர்தம் வாயைத் திறப்பதற்குள்.

"ஐயோ பாவம்! தானே புயல்ல மரமெல்லாம் சாஞ்சுடுச்சாமே?"

"ஒண்ணு மிச்சமில்லம்மா!" தாண்டவராயன் உருக்கமாகப் பெருமூச்சு விட்டார். அமிர்தம் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா, பார்த்தா சின்னப் பொண்ணா இருக்கியே. பெரிய டாக்டர் யாரும் இல்லையா? இதெல்லாம் நல்லாப் படிச்சவுங்க செய்யற வேலையாச்சே!" என்று இழுத்தார் தாண்டவராயன்.

"இங்க சின்னது, பெரிசு எல்லாமே நான்தான் சார்" என்று சொல்லி ஊசியைப் போட்டாள் வித்யா. கொஞ்ச நேரத்தில் உதடு மரத்து, வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. இனி பேச்சு வராது.

அமிர்தத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வந்தவள், மாஸ்க்கைக் கீழே இறக்கிப் பணிவாகச் சிரித்தாள்.

"பயப்படாதீங்க புரொபசர். டென்டல் காலேஜ் பரீட்சையில இதே ஈறு ஆபரேஷனைச் செஞ்சப்ப, 'உனக்கெல்லாம் கத்தி பிடிக்கவே தெரியல'ன்னு ரெண்டு தடவை என்னை ஃபெயில் போட்டீங்களே, இன்னிக்கு நல்லா கவனிச்சு மார்க் போடுங்க!"